ஆரல்வாய்மொழியில் எதிரெதிரே நின்ற இரண்டு படை

இந்திய ராணுவத்தின் காலாட்படைப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றாலே 1758, சென்னை, வெலிங்டன் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். குமரி மாவட்டத்துக்காரர்கள் அதோடு நிறுத்தக் கூடாது. அதன் இன்னொரு வேர் பத்மநாபபுரத்தில் இருக்கிறது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ரெஜிமெண்டையும் பட்டாலியனையும் ஒன்றாக நினைப்பதில். ரெஜிமெண்ட் மொத்தமாகத் திரண்டு போருக்குப் போவதில்லை. அது குடும்பப் பெயர். நீலகிரி வெலிங்டனில் இருப்பது அதன் பயிற்சி மையம். களத்தில் இறங்குவது பட்டாலியன்: சுமார் 800 பேர், நான்கு ரைஃபிள் கம்பெனி, மோர்ட்டார் போன்றவற்றுக்கு ஒரு சப்போர்ட் கம்பெனி. ஒவ்வொரு பட்டாலியனுக்கும் பிறந்த வருஷம் வேறு.

9ஆவது பட்டாலியன் தன் பிறப்பாகக் கொள்வது 1704, பத்மநாபபுரம், திருவிதாங்கூர் அரசரின் மெய்க்காவல் படை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது திருவிதாங்கூர் படை. அங்கே பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய்தான் பிறகு அந்தப் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 'குளச்சலில் ஜெயித்தது மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று பகிர்கிறார்களே, அது தவறு. அப்போது அது தனி நாட்டுப் படை.

இன்னும் முக்கியமானது 1809. திருவிதாங்கூர் தளவாய் (முதன்மை அமைச்சர்) தலக்குளத்து வேலுத்தம்பி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்தார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தவர்களில் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய்களும் உண்டு. அதாவது இன்றைய ரெஜிமெண்டின் இரண்டு மூதாதையர்கள் நம் மலைக் கணவாயில் ஒருவரையொருவர் சுட்டார்கள்! தோற்ற திருவிதாங்கூர் படையைப் பெரும்பாலும் கலைத்துவிட்டார்கள். மிஞ்சிய சிறு கூட்டத்திலிருந்து மறுபடி வளர்ந்ததுதான் 1830இல் நாயர் பிரிகேட் ஆனது.

ஜெயித்த பக்கமும் நிலைக்கவில்லை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு, சில குடிகள்தான் போருக்கு ஏற்றவை என்னும் 'போர்க்குடி' கொள்கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வடக்கே ஆள் எடுத்தார்கள். மதராஸ் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். தென்னாட்டானுக்குப் போர்க்குணம் இல்லை என்பது அப்பட்டமான பொய். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அவர்களே மதராஸ் பட்டாலியன்களைத் திரும்ப எழுப்ப வேண்டியதாயிற்று.

1954இல் திருவிதாங்கூர் படைகள் இந்த ரெஜிமெண்டில் சேர்ந்தன. 9, 16 என்ற எண்கள் அந்த வழி. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடனான போரில் பசந்தர் ஆற்றைக் கடந்து போரிட்டது 16ஆவது.

வீட்டில் யாருடைய பழைய ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகமாவது இருந்தால், ரெஜிமெண்ட் பெயரை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். பட்டாலியன் எண்ணையும் பாருங்கள்.