லிஸ்ட்டுக்கு சைஸ் சொல்லாதீங்க, எத்தனை வரின்னு சொல்லுங்க

நூல் கடைக்கும் மஞ்சள் மண்டிக்கும் ஜாவா ஸ்விங்ல (ஜாவால திரை, ஃபார்ம் எல்லாம் செய்யற தொகுப்பு) பில்லிங், ஸ்டாக் புரோகிராம் எழுதறவங்களுக்காக இந்தப் பதிவுங்க. ஜேலிஸ்ட்டை, அதாவது பேரெல்லாம் வரி வரியாக் காட்டற பெட்டியை, எடுத்து ஃபார்ம்ல வெச்ச உடனே அது மேல 'செட் பிரிஃபர்ட் சைஸ்' 200, 300ன்னு ஒரு வரி எழுதிர்றது பழக்கமாவே ஆயிருச்சு. அந்த ஒரு வரியை எல்லாரும் அழிச்சுப் போடணும்ங்கறது என்னோட கருத்து. காரணத்தைக் கணக்கோடவே சொல்றேன்.

ஸ்க்ரோல்பேன், அதாவது லிஸ்ட்டைச் சுத்தி ஸ்க்ரோல் பார் போடற சட்டம், ஒரு லிஸ்ட்டுகிட்ட ரெண்டு கேள்வி கேட்குது. 'உன்னோட முழு நீளம் எவ்வளவு?' ஒண்ணு. 'கண்ணுக்குத் தெரியற ஜன்னல் எவ்வளவு வேணும்?' இன்னொண்ணு. முதல் கேள்விக்குப் பதில் 'கெட் பிரிஃபர்ட் சைஸ்'. ரெண்டாவதுக்குப் பதில் 'கெட் பிரிஃபர்ட் ஸ்க்ரோலபிள் வியூபோர்ட் சைஸ்'. நாம 300ன்னு எழுதறப்ப மாட்டிக்கிறது முதல் பதில். ஒரு வரி 22 பிக்சல்னா 300க்குள்ள 13 வரிதான் முழுசா அடங்கும். மாடல்ல (லிஸ்ட்டுக்குப் பின்னால டேட்டா இருக்கற இடம்) 60 பார்ட்டி பேர் இருந்தாலும் ஸ்க்ரோல் பார் பதினாலாவது வரியோட பாதியில நின்னு போயிரும். மீதிப் பேரெல்லாம் மாடல்ல பத்திரமா இருக்குது, திரையிலதான் வராது. டேட்டாபேஸ்ல தப்புன்னு நினைச்சுத் தேட ஆரம்பிச்சா அந்த நாளே போயிரும்.

இத்தனைக்கும் ஜன்னலோட உயரம் அந்த 300ஐக் கேட்கவே கேட்காது. லிஸ்ட் மேலிருந்து கீழாப் போற சாதாரண அமைப்புல இருந்தா, உயரம் = தெரிய வேண்டிய வரிகள் × முதல் வரியோட உயரம் + லிஸ்ட்டோட மேல் கீழ் ஓரம். தெரிய வேண்டிய வரிகளுக்கு ஸ்விங் தானா வெச்சிருக்கறது 8. 8 × 22 = 176. மேலயும் கீழயும் 2 பிக்சல் ஓரம் விட்டிருந்தா 180. ஸ்க்ரோல்பேன் தன்னோட பார்டரை மேல கீழ ஒவ்வொண்ணு சேர்த்தா 182. அகலமும் இப்படித்தான். வரி அகலம் 190, பக்கவாட்டு ஓரம் 4, ஸ்க்ரோல் பார் 17, பார்டர் 2, ஆக 213. (ஸ்க்ரோல் பார் அகலம் நீங்க போட்டிருக்கற லுக் அண்ட் ஃபீலை, அதாவது திரையோட தோற்ற அமைப்பை, பொறுத்து மாறும்.) பத்து வரி தெரியணுமா, 'செட் விசிபிள் ரோ கவுண்ட்' 10ன்னு எழுதினாப் போதும். எழுத்துருவைப் பெரிசு பண்ணினா ஜன்னலும் கூடவே பெரிசாகும்.

கணக்குல 'முதல் வரி'ன்னு சொன்னதைக் கவனிச்சீங்களா? உயரத்துக்கு எடுத்துக்கறது முதல் வரியை மட்டும்தான். முதல் வரி 'எல்லாம்'னு ஒத்தை வரியா 22 பிக்சல்ல நின்னு, அதுக்குக் கீழ பேரும் ஊருமா ரெண்டடுக்கு 40 பிக்சல் வரிகள் வந்தா, 8 வரிக்குக் கணக்குப் போட்ட ஜன்னல்ல அஞ்சு வரி கூட முழுசாத் தெரியாது.

லிஸ்ட் காலியா இருக்கறப்ப 'பேக்' (உள்ள இருக்கறதுக்குத் தக்கபடி ஃபார்மோட அளவை முடிவு பண்ற கட்டளை) கூப்பிடறது அடுத்த வம்பு. அளக்கறதுக்கு ஒரு வரி கூட இல்லாததால ஸ்விங் தானே ஒரு அளவை வெச்சுக்குது: அகலம் 256, வரிக்கு 16, எட்டு வரிக்கு 128. டேட்டா அப்புறமா வந்து விழும், ஜன்னல் பழைய அளவுலயே நிக்கும். 'ஏன் எப்பவும் 256 வருது'ன்னு கேட்கறவங்களுக்குப் பதில் இதுதான்.

இது எல்லாத்துக்கும் ஒரே மருந்து: 'மாதிரி மதிப்பு', அதாவது 'செட் புரோட்டோடைப் செல் வேல்யூ'. திருப்பூர்க்காரங்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. பையர் ஓகே பண்ணின சாம்பிள் பீஸை வெச்சுத்தான மொத்த ஆர்டருக்கும் அளவு எடுக்கறோம்? அதேதான். ஒரு மாதிரி வரியைக் கொடுத்தா, லிஸ்ட் அதை ரெண்டரர்ல (ஒவ்வொரு வரியையும் வரையற பகுதி) ஒரே ஒருதடவை போட்டு அளந்து, அகலம் உயரம் ரெண்டையும் நிலையா வெச்சுக்கும். லிஸ்ட் காலியா இருந்தாலும் கணக்கு சரியா வரும்.

வேகமும் இதுலதான் கிடைக்குது. மாதிரி கொடுக்காட்டி, பிரிஃபர்ட் சைஸ் கணக்குப் போட மாடல்ல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் ரெண்டரரைக் கூப்பிட்டு அளக்கும். 5,000 ஐட்டம்னா 5,000 தடவை. ஒரு ஐட்டம் மாறினாலும் மறுபடி முதல்ல இருந்து. அகலத்தை மட்டும் நிலையா வெச்சுட்டு உயரத்தை விட்டுட்டாலும் இந்தச் சுத்து நிக்காது, ரெண்டும் வேணும்.

மாதிரியா எதைக் கொடுக்கறது? இங்கதான் தமிழுக்குத் தனிக் கவனம் தேவை. எழுத்தை எண்ணி நீளமானதை எடுக்காதீங்க. 'ஈரோடு' நமக்கு 3 எழுத்து, ஜாவாவோட 'லெங்த்' 5னு சொல்லும். 'கோபிசெட்டிபாளையம்' நமக்கு 9, அதுக்கு 17. புள்ளி தலைக்கு மேல உட்கார்றதால அகலம் கூட்டாது, ஆனா எண்ணிக்கையில ஒண்ணு கூடிரும். 'ண', 'ஞ' எல்லாம் இடம் நிறையப் பிடிக்கும், 'ர' ஒடுங்கி நிக்கும். அதனால டேட்டா ஏத்தறப்பவே 'ஃபான்ட் மெட்ரிக்ஸ்'ல 'ஸ்ட்ரிங் விட்த்' வெச்சு ஒருதடவை அளந்து, பிக்சல்ல அகலமானதை மாதிரியாக் கொடுங்க. 'விரலி மஞ்சள்' மாதிரி சின்னதைக் கொடுத்துட்டா, 'சென்னிமலை பெட்ஷீட் டபுள்' வர்ற இடத்துல கடைசியில மூணு புள்ளி விழுந்து பேர் வெட்டிப் போயிரும்.

எழுத்துருவை முதல்ல, மாதிரியை அப்புறம் போடுங்க. எழுத்துருவை மட்டும் பின்னால மாத்தினா நிலையா வெச்ச அளவு மாறாது. அதே மாதிரியைத் திரும்பக் கொடுத்தாலும் 'பழசும் இதும் ஒண்ணுதான்'னு விட்டுரும். 'நல்' (null, மதிப்பே இல்லைங்கறது)னு ஒருதடவை கொடுத்துட்டு, மறுபடி மாதிரியைக் கொடுத்தாத்தான் திரும்ப அளக்கும்.

வரி உயரம் 16ன்னு கையால எழுதறது தமிழுக்குக் கொடுமைங்க. 'தூ', 'மூ' வளைவு கீழயும் 'கீ', 'மீ' சுழி மேலயும் வெட்டுப்படும். தமிழ் இல்லாத எழுத்துருவைப் போட்டு, தமிழை மாத்து எழுத்துரு வந்து வரையறப்பவும் இப்படி ஆகலாம், ஏன்னா லேபிள் உயரம் எழுத்துருவோட வரி அளவுல இருந்து வருது, வரைஞ்ச வடிவத்துல இருந்து இல்லை. விண்டோஸ்ல நிர்மலா, லினக்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ்னு தமிழ் எழுத்துருவையே பேர் சொல்லிப் போடுங்க. ரெண்டரர்ல மேல கீழ 3 பிக்சல் காலி ஓரம் கொடுங்க. அந்த ஓரத்தை 'சூப்பர்', அதாவது மூல ரெண்டரரோட வேலையை, கூப்பிட்டதுக்கு அப்புறம் வெக்கணும். இயல்பான ரெண்டரர் ஒவ்வொரு வரிக்கும் பார்டரைத் தானே மாத்தி எழுதிரும்.

அடிக்கடி பார்க்கற இன்னொரு கோளாறு. காலி லிஸ்ட்டுக்கு மாதிரி கொடுத்து 'பேக்' பண்ணியாச்சு, அளவெல்லாம் சரி. டேட்டா வந்ததும் நெட்டு ஸ்க்ரோல் பார் முளைச்சு 17 பிக்சலைத் தின்னுரும். வரி அகலத்துக்கு இடம் பத்தாம அடியில படுக்கை ஸ்க்ரோல் பாரும் வந்து கடைசி வரியை மறைக்கும். நெட்டு ஸ்க்ரோல் பாரை 'எப்பவும் காட்டு'ன்னு முதல்லயே வெச்சுட்டா அந்த 17ம் ஆரம்பக் கணக்குலயே சேர்ந்துக்கும்.

இவ்வளவு பண்ணியும் லிஸ்ட் சுருங்கித் தெரிஞ்சா கிரிட்பேக் லேஅவுட்டை (ஃபார்ம்ல இருக்கறதைக் கட்டம் கட்டமா அடுக்கற முறை) பாருங்க. பிரிஃபர்ட் சைஸுக்குக் கொஞ்சம் இடம் குறைஞ்சாலும் அது நேரா மினிமம் சைஸுக்கு இறங்கிரும். வெயிட் எக்ஸ், வெயிட் ஒய் ரெண்டுக்கும் 1, ஃபில்லுக்கு 'போத்'. பார்டர் லேஅவுட் நடுவுல வெச்சா பிரிஃபர்ட் சைஸ் 'பேக்' நேரத்துக்கு மட்டும்தான், அப்புறம் மீதி இடம் பூரா லிஸ்ட்டுக்கே.

க்யூட்டில (Qt, ஸ்விங் மாதிரி இன்னொரு தொகுப்பு) எழுதறவங்களுக்கும் சேதி இதேதான். அங்க லிஸ்ட் வியூ உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம 256க்கு 192ன்னு சொல்லும். முதல் வரியோட 'சைஸ் ஹின்ட் ஃபார் ரோ'வை வேண்டிய வரிகளால பெருக்கி, ஃப்ரேம் அகலத்தை ரெண்டு பக்கமும் கூட்டிக்கங்க. எல்லா வரியும் ஒரே அளவுன்னா 'செட் யூனிஃபார்ம் ஐட்டம் சைசஸ்' போட்டா ஒவ்வொண்ணா அளக்கறது நின்னுரும்.