முழுதாக மாறி வரும் பிக்கப்பை முதல் ஆண்டே வாங்காதீர்கள்

மனைவியின் தம்பி டல்லாஸில் இருக்கிறான். பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டி ஒன்று வாங்குவது பற்றிக் கேட்கச் சென்ற ஞாயிறு இரவு அழைத்தான். "அத்தான், இப்போது விற்கிற பிக்கப்புக்கு நல்ல தள்ளுபடி தருகிறார்கள். அடுத்த ஆண்டு மாடல் அடியோடு மாறி வருகிறதாம். வாங்கட்டுமா, பொறுக்கட்டுமா?" ஒரு மணி நேரம் பேசினோம். பேசி முடித்தும் எனக்கு மனம் ஆறவில்லை. இதே கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை கண்டு நொந்தவன் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஹூஸ்டனுக்கு மேற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. முருங்கை, கறிவேப்பிலை, கொஞ்சம் காய்கறி. எருவும் மண்ணும் ஏற்றவும், டிரெய்லர் இழுக்கவும் பிக்கப் இல்லாமல் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், முழுதாக மாற்றி வடிவமைக்கப்பட்ட ஒரு மாடலை அது வெளிவந்த முதல் ஆண்டிலேயே வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆறாவது மாதம், கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் வண்டி குலுங்கியது. நான்கு முறை மென்பொருளை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே ஓர் உதிரிபாகத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். அது வந்து சேர ஆறு வாரம் ஆனது. பழைய மாடலாக இருந்தால் அதே பாகம் எந்தக் கடையிலும் கிடைத்திருக்கும். உடைந்த வண்டிகள் கிடக்கும் யார்டில்கூடக் கிடைத்திருக்கும். என் வண்டியைப் பிரித்த மெக்கானிக் நல்ல வேலைக்காரர். ஆனால் அந்தக் கியர்பாக்ஸை அவரும் அன்றுதான் முதன்முறையாகக் கழற்றினார். வாரண்டி பழுதுச் செலவை ஏற்றுக்கொண்டது. அந்த வசந்த காலத்தில் நடாமல் போன நாற்றுகளுக்கு வாரண்டி கிடையாது.

என் ஒருவனுடைய அனுபவம் என்று இதை ஒதுக்கிவிடலாம். அப்படியானால் டொயோட்டாவின் டன்ட்ரா பிக்கப்பைப் பாருங்கள். நம் டெக்சாஸிலேயே, சான் அன்டோனியோவில் தயாராகும் வண்டி. அதன் முந்தைய தலைமுறை 2007 முதல் 2021 வரை அடிப்படை மாறாமல் ஓடியது. அதன் 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் பற்றிக் கேட்டால், பெட்ரோல் குடிக்கும் என்பதைத் தவிர வேறு குறை சொல்பவர்கள் குறைவு. 2022 மாடலில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியது. வி8 போய், காற்றை அழுத்தி ஊட்டும் இரட்டை டர்போவுடன் 3.4 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) வந்தது. ஆறு கியர் பத்தானது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் புதிது. பின்னால் இருந்த பட்டை ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. 2024 மே மாதம் ஏறத்தாழ 1,02,000 வண்டிகளைக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள் (ரீகால்). அவற்றில் பெரும்பாலானவை 2022, 2023 டன்ட்ராக்கள். உற்பத்தியின்போது எஞ்சினுக்குள் தங்கிவிட்ட துகள்கள், எஞ்சினின் சுழல் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கைக் கெடுத்து, ஓடும்போதே எஞ்சினை நிறுத்திவிடலாம் என்பது காரணம். எஞ்சினையே மாற்றித் தரும் நிலை வந்தது. 2025 நவம்பரில் அதே காரணத்துக்காக 2024 மாடல் வரை ரீகால் நீண்டது. நம்பகத்தன்மைக்குப் பெயர்போன நிறுவனத்துக்கே இந்த நிலை. இரண்டாம் ஆண்டு வாங்கியவரும் தப்பவில்லை, மூன்றாம் ஆண்டு வாங்கியவரும் தப்பவில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க எனக்கு மனமில்லை. காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வமைப்பான ஐஐஹெச்எஸ் 2019இல் பிக்கப்புகளின் முன்பக்கத்தில் பயணி அமரும் ஓரம் மட்டும் மோதினால் என்ன ஆகும் என்று சோதித்தபோது, பழைய டன்ட்ரா மிகத் தாழ்ந்த மதிப்பீட்டைப் பெற்றது. புதிய 2022 வண்டியோ அவர்களின் உயர்ந்த பாதுகாப்பு விருதைப் பெற்றது. பக்கத்து இருக்கையில் அமர்வது என் மனைவி. பழையது நம்பகமானது என்று நான் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஆகவே பழையதா புதியதா என்று கேட்பதைவிட, புதியதில் என்ன மாறியது என்று கேளுங்கள்.

தன் எஃப்-150 பிக்கப்புக்கு ஃபோர்டு 2015இல் அலுமினிய உடல் கொடுத்தது. எடை 700 பவுண்டு வரை குறைந்தது. பெரிய துணிச்சல்தான். ஆனால் அதன் 3.5 லிட்டர் டர்போ எஞ்சின் 2011 முதலே சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதனுடன் பத்து கியர் பெட்டி சேர்ந்தது 2017இல்தான். மாற்றங்கள் இடைவெளி விட்டு வந்தன. டொயோட்டாவின் சிறிய பிக்கப்பான 2024 டகோமாவிலும் எஞ்சின் முற்றிலும் புதிதல்ல, அந்த 2.4 லிட்டர் டர்போ அதற்கு முன்பே அதே நிறுவனத்தின் ஹைலேண்டரில் ஓடியது. திரையும் முகப்பு விளக்கும் மட்டும் மாறினால் பயப்பட ஒன்றுமில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸ் மூன்றும் ஒரே ஆண்டில் மாறினால் நான் மூன்று ஆண்டு தள்ளி நிற்பேன். ரீகால் பட்டியலைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பேன்.

'இனி இது கிடைக்காது' என்ற பதற்றத்தில் ஓடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. ராம் 1500 பிக்கப்பில் ஹெமி என்ற வி8 எஞ்சின் 2024 மாடலோடு நின்றது; 2025 மாடலில் அது இல்லை. கடைசி வி8 என்று நம்பி விலை பேசாமல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூனில் நிறுவனமே, 2026 மாடலில் ஹெமி திரும்ப வருகிறது என்று அறிவித்துவிட்டது.

பழைய மாடலின் கடைசி ஆண்டு வண்டியில் கிடைக்கும் தள்ளுபடி உண்மையானதுதான். தன் விற்பனை யார்டில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். புதியது வந்திறங்கும் நேரத்தில் பழையதைத் தள்ளிவிடவே பார்ப்பார். ஆனால் மறுவிற்பனையில் மாடல் ஆண்டைத்தான் எண்ணுவார்கள். மூன்று ஆண்டில் விற்பவருக்குத் தள்ளுபடியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் காட்டும். ஓட்டுநர் கதவோர ஒட்டுச்சீட்டில் தயாரித்த மாதம் இருக்கும். விற்பவர் வாயால் சொல்வதை விட்டு இந்த இரண்டையும் பாருங்கள்.

மைத்துனனிடம் கடைசியாக ஒன்றுதான் கேட்டேன்: "இப்போதிருக்கும் வண்டி இன்னும் எத்தனை மாதம் தாங்கும்?" வாட்டர் பம்ப் ஒழுகுகிறது, 1,60,000 மைல் ஓடிவிட்டது, மார்ச்சில் டிரெய்லர் வேலை தொடங்குகிறது என்றான். புதிய மாடலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே மாறுகின்றன. வாங்கினால் பன்னிரண்டு ஆண்டு வைத்திருப்பேன் என்கிறான். பழைய மாடலின் மோதல் மதிப்பீட்டையும் நான் எடுத்துப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. இப்போது விற்பதையே வாங்கு என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நான் டல்லாஸ் போகிறேன். யார்டில் அந்த மாடல் நான்கு நிற்கின்றனவாம்; நான்கின் கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச உட்காருவோம்.