கல்கத்தாவில் வார்த்ததும் அசல்தான்
"இந்தியாவில் செய்த பழைய டைகாஸ்ட் கார்கள் வெறும் நகல், சேகரிப்பவர்கள் அவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை" என்று, உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் இந்தப் பொம்மை கார்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நகல் என்றால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்வது. கல்கத்தாவிலிருந்து வந்த நிக்கி டாய்ஸ் கார்கள் அப்படிச் செய்தவை இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூலில் டிங்கி என்ற பொம்மை கார்களை வார்த்த மெக்கானோ நிறுவனத்தின் அச்சுகளே 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன, அவற்றில் வார்த்தவைதான் இவை. என் அப்பா பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கித் தந்த நிக்கி ஜாகுவார் மார்க் டென் இன்னும் என் அலமாரியில் நிற்கிறது. அந்த மார்க்கெட்டே 1985 தீயில் போய்விட்டது, வண்டி இருக்கிறது. பெயிண்ட் சற்றுத் தடிமன், கதவுக் கோடுகள் பாதி அதில் மூடிப்போயிருக்கும், பம்பர் ஓரத்தில் விரல் வைத்தால் பிசிறு தட்டும். சரி, லிவர்பூல் நேர்த்தி இதில் இல்லை. ஆனால் அடித்தகட்டைத் திருப்பி நிக்கி என்ற பெயரைப் படிக்கும்போது ஓர் அச்சு கடல் தாண்டி வந்த கதையே கையில் இருக்கிறது, அதை எப்படி மதிப்பில்லை என்று சொல்வது? அப்புறம், இருபது வருடமாகப் பழைய சாமான் கடைகளில் தேடுகிறேன், லெஸ்னி நிறுவனத்தின் மேட்ச்பாக்ஸ் பொம்மை கார்கள் பத்து கண்ணில் பட்டால் நிக்கி ஒன்று படுவதே அபூர்வம், பெட்டியோடு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் தயவுசெய்து புது பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.