இன்சுலின் தசைக்கு எதிரி இல்லை

"மாவுச்சத்து சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களின் முக்கிய ஹார்மோன்) விழுந்துவிடும், தசை வளராது, அடியோடு நிறுத்துங்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதாங்க உண்மை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுமார் 25 சதவீதம் இறங்கியதாக ஓர் ஆய்வு உண்டு. ஆனால் அது வெறும் வயிற்றில் குடித்த சர்க்கரைக் கரைசல்; அளந்ததும் 2 மணி நேரம்தான். மாதக்கணக்கில் வளரும் தசையை அதை வைத்துக் கணிக்க முடியாது. மாவுச்சத்து சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின் (ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோன்), தசைப் புரதம் சிதைவதைக் குறைக்கிறது. தசை கட்ட எடைப்பயிற்சியும் போதிய புரதமும் வேண்டும். டெஸ்டோஸ்டிரோனை நாள்பட இறக்குவது தொப்பையும் கட்டுப்படாத சர்க்கரை நோயும்தான். இன்சுலின் போடுபவர்கள் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தாதீர்கள்; ரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடலாம்.