டையூ கோவாவில் இல்லை: பகிரப்படும் பயணக் குறிப்பும் உண்மையும்

'கோவாவின் அமைதித் தீவான டையூ 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலை பெற்றது; போர்த்துகீசியரை எதிர்த்து உயிர்நீத்தோருக்கு அங்கே குக்ரி நினைவிடம் உள்ளது' என்னும் பயணக் குறிப்பு வாட்ஸப்பில் பகிரப்படுகிறது. இதில் உள்ள மூன்று செய்திகளுமே தவறானவை.

டையூ, குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையை ஒட்டி, கோவாவுக்குப் பல நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இரண்டும் ஒரே ஒன்றியப் பகுதியாக இருந்தது உண்மைதான்; ஆனால் 1987 மே 30 அன்று கோவா தனி மாநிலமானபோது அந்த இணைப்பு முடிந்தது. 2020 ஜனவரி 26 முதல் டையூ, தாத்ரா நகர் ஹவேலி மற்றும் டாமன் டையூ ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம்.

குஜராத் சுல்தான் பகதூர் ஷாவுடன் செய்த உடன்படிக்கையின்படி 1535-இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கிய போர்த்துகீசியர், நாடு விடுதலையடைந்த பிறகும் பதினான்கு ஆண்டுகள் வெளியேறவில்லை. 1961 டிசம்பரில் இந்தியப் படைகள் நடத்திய விஜய் நடவடிக்கையில்தான் டையூ மீட்கப்பட்டது.

நினைவிடம் பற்றிய பிழையே என்னை அதிகம் வருத்துகிறது. அது, 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் ஹாங்கோர் மூழ்கடித்த ஐஎன்எஸ் குக்ரியில் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுடன் உயிர்நீத்த கடற்படையினருக்கானது. அவர்களுடைய தியாகத்தை வேறொரு போரின் கணக்கில் எழுதுவது முறையல்ல.

மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலும், அரசமைப்பின் 1962-ஆம் ஆண்டு 12-ஆவது திருத்தத்திலும், 2019-ஆம் ஆண்டு இணைப்புச் சட்டத்திலும், இந்தியக் கடற்படையின் பதிவுகளிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தக் குறிப்பை மேலும் பகிராமல், அனுப்பியவருக்கும் இந்த விவரங்களைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.