இரண்டேகால் மணி இரண்டு முறை வரும் இரவு

ஒக்டோபர் கடைசி ஞாயிறு நெருங்கினால் எங்கள் முதியோர் இல்லத்தில் சனி இரவு வேலைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம். பத்து மணித்தியால இரவு அன்றைக்குப் பதினொன்று. அதிகாலை மூன்று அடிக்க வேண்டிய நேரத்தில் மணி திரும்பவும் இரண்டாகிவிடும். மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்த கோடைகால நேரம் முடிந்ததாம்.

யேர்மனிக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்த முதல் வருசம். ஒரு அம்மாவுக்கு இரண்டேகாலுக்கு வலி மருந்து கொடுத்து, கொப்பியில் குறித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவர் மறுபடி மணி அடித்தார். போய்ப் பார்த்துத் தண்ணீர் கொடுத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தால் நேரம் அதே இரண்டேகால். கூட நின்ற வயதான யேர்மன் தாதி சிரித்துக்கொண்டே சொன்னார்: “முதலாவதை 2ஏ என்று எழுது, பிறகு வருவதை 2பி என்று எழுது.” அவர் கண்டுபிடித்த வழி என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, யேர்மன் சட்டத்திலேயே அந்த இரண்டு மணித்தியாலங்களுக்கும் அப்படித்தான் பெயர். (அந்த மேலதிக மணித்தியாலத்தை அந்த மாதச் சம்பளத்தில் காணவில்லை. கேட்டுத்தான் வாங்கினேன்.)

தாழ்வாரத்தில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. பிராங்பேர்ட் பக்கத்தில் மைன்ஃபிளிங்கன் என்ற ஊரிலிருந்து வரும் வானொலி அலையைப் பிடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வகை. அதன் முள்ளுக்குப் பின்னால் போகத் தெரியாது. அதனால் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வர, பதினொரு மணித்தியாலம் முன்னுக்கு ஓடும். ஆளில்லாத தாழ்வாரத்தில் அந்த முள் சரசரவென்று சுற்றுவதைப் பார்த்தால், இந்த நேர மாற்றத்தைப் பற்றி நான் தனியாக ஒன்றும் எழுதத் தேவையில்லை என்று தோன்றும். சரி, எழுதுகிறேன்.

இதை முதலில் கேட்டவர்களில் ஒருவர் நியூசிலாந்துக்காரர், ஜோர்ஜ் ஹட்சன். தபால் துறையில் முறை வேலை. வேலை முடிந்து பூச்சி பிடிக்கப் போகிறவர். மாலையில் வெளிச்சம் போதவில்லை என்று 1895இல் இரண்டு மணித்தியாலம் மாற்றச் சொன்னார். யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1916இல் உலகப்போர் நடுவே நிலக்கரியை மிச்சம் பிடிக்க யேர்மனியே முதலில் நாடு முழுவதும் மாற்றியது. போர் முடிந்ததும் விட்டார்கள், அடுத்த போரில் மறுபடி பிடித்தார்கள். இப்போது இருப்பது எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1980இல் வந்தது.

மிச்சம் ஏதும் உண்டா? யேர்மன் அரசின் சுற்றாடல் திணைக்களமே இல்லை என்கிறது. மாலையில் விளக்குக்கு மிஞ்சுகிற கரண்ட், குளிர் விடாத காலைகளில் வீட்டைச் சூடாக்குவதில் போய்விடுகிறதாம். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் மக்களிடம் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் எழுதினார்கள், 84 சதவீதம் பேர் நிறுத்துங்கள் என்றார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 410க்கு 192 என்று வாக்களித்து, 2021இல் நிறுத்தலாம் என்றது. நிறுத்திவிட்டு எந்த நேரத்தை வைத்துக்கொள்வது என்பதில் நாடுகளுக்குள் ஒத்துவரவில்லை. அதோடு கிடக்கிறது.

என்னைக் கேட்டால் குளிர்கால நேரம்தான். கோடைகால நேரத்தையே நிரந்தரமாக்கச் சொல்கிறவர்கள் ஒன்பது மணிக்கும் தோட்டத்தில் இறைச்சி வாட்டும் ஜூன் மாதத்தை நினைத்துச் சொல்கிறார்கள். அதே நேரத்தோடு டிசம்பரில் யேர்மனியின் ஹம் நகரில் சூரியன் உதிக்க ஒன்பதரை ஆகும். எட்டு மணிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை நடுராத்திரி மாதிரி இருட்டில்தான் போக வேண்டும். அங்கே காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் போகிறவர்கள் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நிழல் மிகக் குட்டையாகும்போது கைபேசியில் மணி ஒன்றரை. அதுதான் அங்கே உச்சிவேளை. சுவர்க் கலண்டரில் இராகு காலம் பார்க்கிற அக்காமார் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

எனக்கு இதில் இவ்வளவு எரிச்சல் வரக் காரணம் தூக்கம் இல்லை. ஊரில் ஒருமுறை பட்டிருக்கிறோம். 1996இல் மழை பொய்த்து, நீர்மின் அணைகள் வற்றி, நாடெங்கும் மின்வெட்டு. மே 25ஆம் தேதி இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகள் இதை ஏற்கவில்லை, வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. இரண்டாகப் பிரிந்து கிடந்த யேர்மனிகூட, கிழக்கும் மேற்கும், 1980 ஏப்ரலில் ஒரே நாளில்தான் மணிக்கூட்டை மாற்றியது. எங்களுக்கு வவுனியாவில் ஒரு நேரம், தடைமுகாம் தாண்டினால் இன்னொரு நேரம். யாராவது நேரம் சொன்னால் “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்காமல் இருக்க முடியாது.

அந்தக் கேள்வி போன மாதம் என் வீட்டுக்கு வந்தது. அக்காவின் மகள் 1998இல் வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். இப்போது கலியாணம் பேசுகிறார்கள். பிறந்த நேரம் காலை 5.50 என்று துண்டில் இருக்கிறது. சாத்திரியார் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எந்த நேரம் தங்கச்சி?” என்று கேட்டாராம். ஒரு லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம்தான், அரை மணித்தியாலம் தள்ளினால் மாறவும் கூடும். ஆஸ்பத்திரி அரசாங்கத்தினுடையது, மண் புலிகளிடம். தாதி எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா தொலைபேசியில் என்னைக் கேட்கிறார், நான்தான் ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் வேலை செய்கிறேனாம். அவருக்கு 2ஏ, 2பி கதையைச் சொன்னேன். “அதுகள் எழுதி வைக்குதுகள்” என்றார். சாத்திரியார் இப்போது இரண்டு குறிப்பு எழுதுகிறார், இரண்டுக்கும் காசு.