வள்ளலுக்கு மாலை, வரிக்கு வசை

நன்கொடை கொடுத்த வள்ளலுக்கு மாலை போட்ட ஒரு பள்ளிக்கூட விழாவைக் குறை சொல்லி, தர்மத்தை நம்புவதைவிட வரி வாங்குவதே மேல் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த வசவுகளை எல்லாம் படித்துவிட்டேன். வயிற்றெரிச்சல்காரன், நன்றி கெட்டவன், கம்யூனிஸ்ட். இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன்: நன்கொடை வேறு, வரி வேறு. வரிப்பணம் எங்கே போனது என்று எங்கள் எம்.எல்.ஏ.வை மறித்துக் கேட்கலாம். அறக்கட்டளைத் தலைவரிடம் கேட்கப் போனால் வாட்ச்மேன்தான் பதில் சொல்வார்.

செத்தவர் விட்டுப்போகும் சொத்துக்குப் போடும் வாரிசு வரி என்றாலே, "அப்பன் கட்டிய வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறான்" என்று கூச்சல். 2024 தேர்தல் நேரத்தில் காங்கிரஸ்காரர் சாம் பிட்ரோடா இந்த வரிக்கு அமெரிக்காவை உதாரணம் காட்டியதும் அவர் கட்சியே கைகழுவியது. அமெரிக்காவில் ஒரு கோடி டாலர் விட்டுவிட்டுச் செத்தாலும் மத்திய அரசின் வாரிசு வரி ஒரு காசு கிடையாது ஐயா! உங்கள் அப்பா எவ்வளவு விட்டுப் போனார்? என் அப்பா விட்டது ஓர் ஓட்டு வீடு. அதற்கு வாரிசுச் சான்று வாங்கவே தாலுகா ஆபீஸில் செருப்புத் தேய்ந்தது.

இங்கும் 1953இல் அந்த வரி வந்தது. 20 லட்சத்துக்கு மேல் 85 சதவீதம் என்று கண்மண் தெரியாமல் ஏற்றினார்கள். வசூல் ஆண்டுக்கு 20 கோடி அளவில்தான். 1985இல் அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் ஒரேயடியாக எடுத்துவிட்டார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

"வரி போட்டால் தர்மம் குறைந்துவிடும்" என்கிறார் ஒரு பெரியவர். நடந்தது நேர்மாறு. 1935இல் அமெரிக்கா வாரிசு வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதமாக்கியது. மறு ஆண்டே ஃபோர்டு அறக்கட்டளை பிறந்தது. வரிக்குத் தப்ப, ஃபோர்டு கார் கம்பெனியில் ஓட்டுரிமை இல்லாத பங்குகள் அறக்கட்டளைக்கு, ஓட்டுரிமை உள்ளவை குடும்பத்துக்கு. புண்ணியமும் கிடைத்தது, கம்பெனியும் கைவிட்டுப் போகவில்லை.

அரசு மட்டும் யோக்கியமா, புத்தகப் பையில்கூட முதல்வர் படம் ஒட்டவில்லையா என்பீர்கள். ஒட்டினார்கள்தான், எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்தப் படத்தை ஐந்து வருடத்தில் மாற்ற என்னிடம் ஓர் ஓட்டு இருக்கிறது. அறக்கட்டளை நாற்காலி அப்பாவுக்குப் பின் மகனுக்கு. அதுவும் வாரிசுச் சொத்துதான், வரியே இல்லாமல்.

"நீயும் அறக்கட்டளைப் பணத்தில் படித்தவன்தானே" என்று எழுதியிருப்பவன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஆமாம், படித்தேன். படம் சரியாக விழவில்லை என்று செக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு மறுபடியும் கொடுத்தார்கள், சிரிக்கச் சொன்னார்கள், அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுக் கும்பிடச் சொன்னார்கள். சத்துணவில் முட்டை போட்ட ஆயா யாரையும் கும்பிடச் சொன்னதில்லை. நன்றியா? அன்றைக்கே மைக்கில் சொல்லவைத்து வாங்கிக்கொண்டார்கள். பாக்கி எதுவும் இல்லை.